சூளுரைத்த மலர்
(பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலரும் அதன் கதையும்)

முன்னுரை

நிலத்தை மலரால் அறிந்தவர்கள் தமிழர்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றும் பெயர் பெற்றன. ஆநிரை கவர்ந்தோர் வெட்சி சூடினர். மீட்டோர் கரந்தை சூடினர். ஆகவே, ஒரு மலரைக் கண்டு அதன் பின்னே நிற்கும் மக்களின் வாழ்வைப் படித்தல் தமிழ் பயிலும் மாணவர்க்குப் புதிய பயிற்சி அன்று. அப்பயிற்சியைக் கடல் கடந்த ஒரு நாட்டின் மலர்மீது செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குத் தூண்டுதலாய் அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. என் தமக்கையின் மகன் மருத்துவம் பயிலப் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாவாவ் நகருக்குச் சென்றிருந்தான். அங்கிருந்து அவன் அனுப்பிய ஒளிப்படம் ஒன்றில், ஜீப்னி எனப்படும் சிற்றுந்தின் முன்கண்ணாடி ஓரத்தில் வெள்ளை மலர்ச்சரம் ஒன்று தொங்கிக் கொண்டிருந்தது. படத்தைக் கண்ட என் தமக்கை, “அட, இது நம்ம மல்லிகைப் பூவாச்சே! அங்கே எப்படிப் போச்சு?” என்று வியந்தார். மகனோ, “இது இவர்களுடைய தேசிய மலர், உம்மா” என்று மறுமொழி எழுதியிருந்தான்.

இருவர் கூற்றும் உண்மையே. அவ்வாறாயின் அம்மலர் யாருக்கு உரியது? இவ்வினாவிற்கு விடை தேடுமிடத்துத் தாவரவியலும் மொழியியலும் ஓரளவே துணை செய்கின்றன. முழு விடையைத் தருவது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் ஒரு கதையே.

மலரும் அதன் பயணமும்

பிலிப்பைன்ஸ் மக்கள் இம்மலரைச் சம்பகீத்தா என்பர். தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் ஜாஸ்மினம் சம்பக் என்பதாகும். நாம் குண்டுமல்லி என்றும் மதுரை மல்லி என்றும் அழைப்பது இவ்வினமே. இதன் தாயகம் இந்தியாவை உள்ளிட்ட தெற்காசியப் பகுதி என்பது தாவரவியலார் முடிபு. பதினேழாம் நூற்றாண்டிற்கு முன்னரே இது பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்துவிட்டது என்பர்.

இச்செடியின் இயல்பு ஒன்று இங்கு நோக்கத்தக்கது. மல்லிகை பெரும்பாலும் விதையால் பெருகுவதில்லை. அடுக்கிதழ் வகைகள் காய்ப்பதே அரிது. தண்டை ஒடித்து நட்டும், பதியம் போட்டுமே இதனை வளர்க்கின்றனர். தென்னையின் நெற்று கடலில் மிதந்து சென்று மறுகரையில் முளைக்கக்கூடும். ஆலம்பழத்தைப் பறவை உண்டு வேறோரிடத்தில் அதன் விதையை இடக்கூடும். மல்லிகைக்கோ இவ்விரு வழியும் இல்லை. ஒரு மனிதர் இதனை விரும்பி, ஈரம் உலராமல் காத்து, மரக்கலத்தில் ஏற்றிச் சென்று, இறங்கிய இடத்தில் நட்டிருத்தல் வேண்டும். வணிகரோ, மாலுமியோ, புகுந்த வீடு சென்ற பெண்ணோ நாம் அறியோம். ஆயினும் மல்லிகை பூத்திருக்கும் அயல்நாடு ஒவ்வொன்றிலும் மனிதர் ஒருவரின் விருப்பம் அதற்கு முன்னே சென்றிருக்கிறது என்பது உறுதி.

இம்மலர் சென்ற இடமெல்லாம் அவ்விடத்து உறவைப் பெற்றது. இந்தோனேசியர் இதனை மெலாத்தி என்பர். அது மாலதி என்னும் வடசொல்லின் வழி வந்தது. வெண்மல்லிகை அந்நாட்டிற்கும் தேசிய மலராகும். ஹவாய்த் தீவினர் இதற்கு இட்ட பெயர் பிகாகே. அச்சொல்லின் பொருள் மயில். கையுலானி என்னும் இளவரசியார் மயிலையும் இம்மலரையும் ஒருங்கே விரும்பினார் என்றும், அதனால் மயிலின் பெயரே மலருக்கும் ஆயிற்று என்றும் கூறுவர்.

பெயரின் வரலாறு

தாவரப் பெயரில் உள்ள சம்பக் என்பது ஸன்பக் என்னும் அரபுச் சொல்லின் திரிபு. இடைக்கால அரபு வழக்கில் அச்சொல் மல்லிகையையும் அதிலிருந்து எடுக்கும் நறுமண எண்ணெயையும் குறித்தது. இக்கால அரபு மொழியில் அது லில்லி மலரைக் குறிக்கிறது. ஐரோப்பியர் இதனை அரேபிய மல்லிகை என வழங்கினர். அரேபியா இதன் தாயகம் அன்று. ஆயினும் மணப்பொருள் வணிகத்தில் அரபியர் பெற்றிருந்த இடத்திற்கு அப்பெயர் சான்றாய் நிற்கிறது.

சம்பகீத்தா என்னும் பெயரோ வேறொரு வழியில் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் முதன்மை மொழிகளுள் ஒன்றாகிய தகாலோகில் இம்மலரின் பழம்பெயர் சம்பாகா என்பதாகும். சம்பக என்னும் வடசொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவர் ஆய்வாளர் சிலர். நம் செண்பகமும் அவ்வடசொல்லோடு உறவுடையதே. மலர் வேறாயினும் பெயர் இடம் மாறுதல் மொழிகளில் இயல்பு. சம்பாகா என்பதோடு இஸ்பானிய மொழியின் ‘ஈத்தா’ என்னும் விகுதி சேர்ந்தது. சிறுமையையும் அன்பையும் ஒருங்கே உணர்த்தும் விகுதி அது. ‘சின்னஞ்சிறு சம்பாகா’ என்பது அப்பெயரின் பொருளாகும்.

இது மொழிநூல் கூறும் விளக்கம். மக்கள் கூறும் விளக்கம் இதனின் வேறு. சும்பா கித்தா என்பதே சம்பகீத்தா ஆயிற்று என்பர் அவர்கள். சும்பா என்பதற்குச் சூள், ஆணை என்பது பொருள். கித்தா என்பது நான், நீ என்னும் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய இடப்பெயர். எனவே சும்பா கித்தா என்பது ‘உனக்கு நான் சூளுரைக்கிறேன்’ என்று பொருள்படும். இவ்விளக்கத்திற்கு அடிப்படையாய் அமைந்த கதையை இனிக் காண்போம்.

வேலியருகே பிறந்த கதை

பலவாறாகச் சொல்லப்படும் இக்கதையின் பரவலான வடிவம் வருமாறு.

இன்றைய மணிலா நகரப் பகுதியில் முன்னாளில் பாலிந்தவாக், ககலாங்கின் என இரு சிற்றூர்கள் இருந்தன. ஒவ்வோர் ஊருக்கும் தாத்து எனப்படும் தலைவன் ஒருவன் இருந்தான். இரண்டிற்கும் இடையே எல்லையாக மூங்கில் வேலி நின்றது. இரு தலைவர்களுக்கும் பகை. பாலிந்தவாக் தலைவனுக்கு ரோசித்தா என்னும் மகள், தாயில்லாப் பெண். ககலாங்கின் தலைவனுக்குத் தெல்பின் என்னும் மகன். இவ்விருவரும் ஒருவரையொருவர் விரும்பினர். நிலவொளி வீசும் இரவுகளில் வேலியின் மறைவான ஓரிடத்தில் சந்தித்து வந்தனர். தந்தையர் எவரும் இதனை அறியார்.

ஒருநாள் ககலாங்கின் ஆடவர் உளுத்துப்போன வேலியைப் பிரித்துப் புதுவேலி கட்டலாயினர். புதுவேலி பழைய எல்லையைத் தாண்டித் தம் நிலத்திற்குள் நகர்ந்து வந்திருப்பதாகப் பாலிந்தவாக் தலைவன் கருதினான். ஆள் அனுப்பி வேலியைப் பின்தள்ளுமாறு கேட்டான். அதுவே உரிய எல்லை என்று ககலாங்கின் தலைவன் மறுத்தான். சொல் தடித்தது, போர் மூண்டது. போருக்கு ஆயத்தம் செய்யுங்காலத்தே ககலாங்கின் தலைவன் நோயுற்று மாண்டான். தலைமை தெல்பின் தோள்மேல் வந்தது. தன் அன்பிற்குரியவளின் தந்தையை எதிர்த்தே அவன் படை நடத்த வேண்டியதாயிற்று.

போரில் தெல்பின் படுகாயமுற்றான். உயிர் பிரியுமுன் அவன் வேண்டியது ஒன்றே. தாங்கள் இருவரும் சந்தித்த வேலியோரத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்றான். செய்தி அறிந்த ரோசித்தா நோயில் வீழ்ந்தாள். மருந்து எதற்கும் அந்நோய் கட்டுப்படவில்லை. இறுதியில் தந்தையிடம் உண்மையைச் சொல்லித் தெல்பின் அருகிலேயே தன்னையும் அடக்கம் செய்ய வேண்டினாள். தந்தையும் அவ்வாறே செய்தான்.

ஆண்டுகள் பல கழிந்தன. இஸ்பானியர் வந்தனர், மணிலா நகரம் எழுந்தது. வேலி இருந்த இடமும் மறக்கப்பட்டது. ஆனால் ஒவ்வோராண்டும் மே மாதத்து நிலவிரவுகளில் அங்கே ஒரு பெண்ணின் இனிய குரல், “சும்பா கித்தா, சும்பா கித்தா” என ஒலித்ததாம். குரலோடு நறுமணமும் எழுந்ததாம். தேடிச் சென்றவர்கள் வெள்ளை மலர் பூத்த புதர் ஒன்றைக் கண்டனர். வியப்பு மிக்கு வேரடியைத் தோண்டினர். அச்செடியின் வேர், புதைந்து கிடந்த இருவரின் வாயினின்றும் எழுந்திருக்கக் கண்டனர். முதியோர் பழங்கதையை நினைவுகூர்ந்தனர். மலர் சம்பகீத்தா எனப் பெயர் பெற்றது.

கதையின் மற்றொரு வடிவத்தில் வேலி இல்லை. நாட்டைக் காக்கப் போருக்குச் செல்லும் தலைவன் திரும்பி வருவதாகச் சூளுரைத்துப் பிரிகிறான். அவன் வரவில்லை. காத்திருந்து மடிந்த தலைவியின் கல்லறையில் மல்லிகை பூக்கிறது. முல்லைத்திணையின் இருத்தல் ஒழுக்கத்தைக் கற்ற மாணவர்க்கு இத்தலைவி அயலாள் அல்லள்.

கதை உணர்த்துவன

இக்கதையை ஊன்றி நோக்குவார்க்குச் சில செய்திகள் புலப்படும்.

முதலாவது, மாந்தரின் பெயர்கள். இஸ்பானியர் வருகைக்கு முற்பட்டதாகச் சொல்லப்படும் கதையில் ரோசித்தா, தெல்பின் என்னும் இஸ்பானியப் பெயர்கள் வருகின்றன. எனவே கதை இன்றைய வடிவை அடைந்தது இஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் அல்லது அதற்குப் பின்னரே என்பது தெளிவு. கதையை வரலாறாகக் கொள்ளுதல் கூடாது. அதே வேளையில் பொய் என்று தள்ளுதலும் கூடாது. தம் மலருக்கு எப்பொருள் தர மக்கள் விரும்பினர் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது, மலர் பூத்த இடம். அது பாலிந்தவாக்கிலும் பூக்கவில்லை, ககலாங்கினிலும் பூக்கவில்லை. இரண்டிற்கும் நடுவே, போருக்குக் காரணமான அந்த எல்லைக் கோட்டின்மீதே பூத்தது. இருவர் வாயினின்றும் எழுந்த ஒரே செடி அது. எந்த ஊரும் தனக்கே உரியதென்று கொண்டாட இயலாது. மூங்கில் வேலி உளுத்துப்போயிற்று. சொன்ன சொல்லோ ஆண்டுதோறும் தளிர்க்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளையும், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளையும், கிறித்தவரும் முஸ்லிம்களும் தொல்குடியினரும் கலந்த மக்களையும் கொண்ட ஒரு நாட்டிற்கு இதனினும் பொருத்தமான அடையாளம் கிடைத்தல் அரிது.

மூன்றாவது, சும்பா என்னும் சொல். அச்சொல்லுக்குச் சூள் என்ற பொருளோடு சாபம் என்ற பொருளும் உண்டு. மலாய் மொழியிலும் சும்பா என்பது ஆணை, சாபம் ஆகிய இரண்டையும் குறிக்கும். 1928 அக்டோபர் 28 அன்று ஒரே தாயகம், ஒரே நாட்டினம், ஒரே மொழி என இந்தோனேசிய இளைஞர்கள் எடுத்த உறுதிமொழிக்குச் சும்பா பெமூடா என்பதே பெயர். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் இயைந்தமை தற்செயல் அன்று. காக்கப்பட்ட சூள் வாழ்த்தாகும். பொய்த்த சூள் சாபமாகும். நம் அகப்பாடல்களிலும் தலைவன் தெய்வம் சான்றாகச் சூளுரைக்கிறான். அவன் வரவு நீட்டித்தவழித் தலைவி தன் துன்பத்தினும், சூள் பொய்த்தமைக்காகத் தெய்வம் அவனை வருத்துமோ என்றே அஞ்சுகிறாள். சூளின் இவ்விருமுகத்தையும் தமிழரும் அறிந்திருந்தனர்.

நான்காவது, கித்தா என்னும் சொல். இது மலாயில் கேட்போரையும் உளப்படுத்திய ‘நாம்’ என்னும் பொருளில் வழங்குகிறது. தமிழில் நாம், நாங்கள் என்னும் வேறுபாடு உள்ளமை போல அம்மொழிகளிலும் உண்டு. தனித்த நானும் இன்றித் தனித்த நீயும் இன்றி இருவரையும் பிணைக்கும் ஒரு சொல்லில் அச்சூள் முடிகிறது என்பது எண்ணி இன்புறத்தக்கது.

தேசிய மலர் ஆனமை

இம்மலர் மக்கள் மனத்தில் இடம்பெற்ற பின்னரே அரசின் ஆணையில் இடம்பெற்றது. 1879-இல் தொலோரெஸ் பத்தெர்னோ என்னும் பெண்மணி இம்மலரைப் போற்றும் பாடலுக்கு இசையமைத்தார். அவர் உடன்பிறந்தார் பெத்ரோ பத்தெர்னோ 1880-இல் மாத்ரித் நகரில் வெளியிட்ட கவிதைத் தொகுதி சம்பகீத்தாக்கள் என்றே பெயர் பெற்றது. தங்களுக்கெனத் தனிப் பண்பாடு உண்டு என்று ஆள்வோர் நாட்டின் தலைநகரிலேயே அறிவிக்க விழைந்த ஒரு தலைமுறை, அதற்கு அடையாளமாக இம்மலரை முன்வைத்தது.

கதையில் வரும் பாலிந்தவாக் வரலாற்றிலும் இடம்பெற்ற ஊராகும். 1896 ஆகஸ்டில் ஆந்த்ரெஸ் போனிபாசியோவின் தலைமையில் இஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் புரட்சிக்குரல் எழுந்தது அப்பகுதியில்தான். வரி கட்டியதற்கான சீட்டுகளைப் புரட்சியாளர்கள் கிழித்தெறிந்து உறுதி பூண்டனர்.

1934 பிப்ரவரி 1 அன்று அமெரிக்கத் தலைமை ஆளுநர் பிராங்க் மர்பி வெளியிட்ட 652-ஆம் அறிவிக்கை சம்பகீத்தாவைத் தேசிய மலராகவும், நார்ரா மரத்தைத் தேசிய மரமாகவும் ஆக்கியது. பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது 1946 ஜூலை 4 அன்று. நாடு பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே நாட்டின் மலர் பிறந்துவிட்டது எனலாம்.

இதற்கு மறுப்பும் எழாமல் இல்லை. மிந்தனாவோ தீவின் காடுகளில் வாலிங்-வாலிங் என்னும் ஆர்க்கிட் மலர் உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது, அழகிற் சிறந்தது. அயலிலிருந்து வந்த மல்லிகையினும் இம்மண்ணில் பிறந்த வாலிங்-வாலிங்கிற்கே உரிமை மிகுதி என்று வாதிட்டனர் பலர். அதனையும் தேசிய மலராக்கும் சட்டவரைவு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆயினும் 2013-இல் குடியரசுத் தலைவர் மூன்றாம் பெனிக்னோ அக்கினோ அதற்கு ஒப்புதல் அளிக்க மறுத்தார். சம்பகீத்தா தன் இடத்தில் நிலைத்தது.

வாலிங்-வாலிங்கின் சிறப்பை எவரும் குறைத்தல் இயலாது. ஆயினும் இவ்வழக்கில் ஓர் அடிப்படை வினா அடங்கியிருக்கிறது. ஒரு மண்ணுக்கு உரிமை பெறுவது அம்மண்ணில் முதலில் முளைத்ததாலா? அல்லது அம்மண்ணின் மக்களோடு வாழ்ந்து, அவர்தம் மகிழ்விலும் துயரிலும் பங்கு கொண்டதாலா? பிலிப்பைன்ஸ் மக்கள் தம் கதையின்வழி இரண்டாவதையே விடையாகக் கூறினர். எங்கிருந்தோ வந்த செடியைத் தம் முன்னோர் இருவரின் வாயில் வேரூன்றியதாகச் சொல்லித் தம் குருதி உறவாக்கிக் கொண்டனர். மலர் அவர்களிடம் வந்ததன்று, அவர்கள் சொல்லிலிருந்து பிறந்தது என்று கொண்டனர்.

இன்றைய வாழ்வில்

இன்றும் சம்பகீத்தா மாலை அந்நாட்டு வாழ்வில் நீங்கா இடம் பெற்றுள்ளது. விருந்தினர் வந்தால் கழுத்தில் இடுவர். பள்ளியிலும் கல்லூரியிலும் பட்டம் பெறுவோர்க்கும் பரிசு பெறுவோர்க்கும் அணிவிப்பர். கத்தோலிக்கர் தம் கோயில்களிலும் வீடுகளிலும் உள்ள திருவுருவங்களுக்குச் சூட்டுவர். ஓட்டுநர்கள் தம் வண்டிக் கண்ணாடியருகே தொங்கவிடுவர். வெண்மை தூய்மைக்கும், சிறுமை அடக்கத்திற்கும், மாறாத மணம் உறுதிக்கும் அறிகுறி என்பர்.

மாலை கட்டும் முறையில் நமக்கும் அவர்க்கும் ஒற்றுமையும் வேற்றுமையும் உண்டு. நாம் வாழைநாரில் பூவை முடிச்சிட்டுத் தொடுக்கிறோம். அவர்கள் மொட்டுகளைக் குத்தி அபாகா நாரில் கோக்கின்றனர். நுனியில் இலாங்-இலாங் என்னும் மணமலரைத் தொங்கவிடுகின்றனர். அபாகா என்பதும் வாழையினத்தைச் சேர்ந்ததே. இரு கரையிலும் மல்லிகைக்கு வாழையே துணை.

மணிலாவிற்குத் தெற்கே லகூனா மாநிலத்தில் உள்ள சான் பெத்ரோ நகரம் இம்மலருக்குப் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் அங்கே சம்பகீத்தா விழா நடைபெறுகிறது. மாலை கோத்தலே அங்குப் பல குடும்பங்களுக்குப் பிழைப்பாய் இருந்தது. நகரம் பெருகப் பெருகத் தோட்டங்கள் சுருங்கின.

மாலையைத் தெருவில் விற்போரின் நிலையையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. கோயில் வாயிலிலும் சாலைச் சந்திப்பிலும் வண்டிகளுக்கு இடையிலும் ஓடி ஓடி விற்போருள் சிறுவர் சிறுமியர் பலர். 2025 ஜனவரியில் மணிலாப் பெருநகரப் பகுதி வணிக வளாகம் ஒன்றின் படிக்கட்டில், பள்ளிச் சீருடையில் அமர்ந்து மாலை விற்ற பெண்ணைக் காவலர் ஒருவர் விரட்டி, அவள் கையிலிருந்த மாலையைப் பறித்து அறுக்கும் காட்சி காணொளியாகப் பரவியது. நாடெங்கும் மக்கள் கொதித்தனர். தேசிய மலரை ஏந்திய கைக்கு அந்நாட்டில் இடமில்லையா என்று அவர்கள் கேட்ட கேள்வியில் நேர்மை இருந்தது. கொதித்தவர்களுள் எத்துணைப் பேர் அதற்கு முன் அத்தகைய பெண்ணிடம் நின்று ஒரு மாலை வாங்கியிருப்பர் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. நம் பூக்கடைத் தெருக்களில் இதே கேள்வி நம்மையும் நோக்கி நிற்கிறது.

கொடிக்கு அந்நாட்டு மாணவர்கள் நாள்தோறும் எடுக்கும் உறுதிமொழிக்குப் பனுனும்பா என்பது பெயர். அதன் பகுதியும் சும்பாவே. நாட்டின்மீது எடுக்கும் சூள் அந்நாட்டின் எளியவர்மீது எடுத்த சூளாகாவிடின், அச்சொல்லின் மற்றொரு பொருளே மிஞ்சும்.

முடிவுரை

சம்பகீத்தா தெற்காசிய மண்ணில் பிறந்தது. தாவர நூலில் அரபு வழிப் பெயரைத் தாங்கியது. இஸ்பானிய விகுதியை ஏற்றது. தகாலோக் மக்களின் கதையில் மறுபிறப்பு எய்தியது. இவற்றுள் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. வந்த வழி வேறு, வாழும் உரிமை வேறு. முன்னதைப் பிறப்பு தருகிறது. பின்னதைச் சொன்ன சொல்லைக் காத்தல் தருகிறது.

இரவில் விரிந்து மறுநாளே உதிரும் மலர் இது. ஒருநாள் வாழ்வே உடைய ஒன்றை என்றும் மாறாத சூளுக்கு அடையாளமாக்கினர் அம்மக்கள். சூளும் அவ்வாறே ஒருமுறை சொல்லி முடிப்பதன்று. நாள்தோறும் புதிதாகப் பூக்க வேண்டுவது.

என் தமக்கை மகன் விடுமுறையில் ஊர் வந்தபோது, அவன் அன்னை முற்றத்து மல்லிகையைக் காட்டி, “இது நம்ம பூவா, அவங்க பூவா?” என்று மீண்டும் கேட்டார். அவன் சிறிது எண்ணிப் பார்த்து, “ரெண்டு பேர் பூவும்தான், உம்மா. அவங்க மொழியில அதுக்குக் ‘கித்தா’ன்னு ஒரு சொல் இருக்கு” என்றான். இக்கட்டுரை இத்துணை நீளமாகச் சொல்ல முயன்றதை அவன் ஒரு சொல்லில் சொல்லிவிட்டான்.